நிலைத்து நிற்கும் கொழுப்புக் குறைப்பு: உணவையும் உடற்பயிற்சியையும் கொண்டு படிப்படியாகச் செல்லும் முழுமையான வழிகாட்டி

எடை குறைக்க முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, மாதத்துக்கு எத்தனை கிலோ இறங்கும் என்பதைத்தான். ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்க அது மோசமான அளவுகோல். எந்தக் கடுமையான உணவுமுறையிலும் முதல் மாதம் எடை இறங்கிவிடும். அந்த எடை இரண்டாண்டுகள் கழித்து எங்கே நிற்கிறது என்று பார்க்கும்போதுதான் திட்டங்களுக்கிடையிலான வேறுபாடு தெரியும். எனவே இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் ஒரே சோதனையைக் கடந்து வந்தது: எடை குறைந்து முடிந்த பிறகும் ஒரு சாதாரண மனிதர் இதைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க முடியுமா? முடியாது என்று தோன்றிய எதற்கும், அது எவ்வளவு வேகமாகப் பலன் தருவதாக இருந்தாலும், இங்கே இடம் தரவில்லை.

கொழுப்பு உடலை விட்டுப் போகும் விதம்

உணவுப் பொட்டலங்களில் கலோரி என்று அச்சிடப்படுவது உண்மையில் கிலோகலோரியைக் குறிக்கிறது. இந்தக் கட்டுரையிலும் அதே பொருளில்தான் அச்சொல் வருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தருகின்றன. மது 7 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. உடலின் கொழுப்புத் திசுவில் கொழுப்போடு சிறிதளவு நீரும் புரதமும் கலந்திருப்பதால், ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம்.

உணவில் வரும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிடக் குறையும்போது, கொழுப்புச் செல்கள் தங்கள் சேமிப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. தசைகளும் பிற உறுப்புகளும் அவற்றை எரித்துக்கொள்கின்றன. 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. வியர்வையின் அளவுக்கும் எரிந்த கொழுப்பின் அளவுக்கும் தொடர்பில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். வியர்க்க வைக்கும் இடுப்புப் பட்டைகளை நம்பி வாங்குபவர்கள் இழப்பது தண்ணீரை மட்டுமே, அதுவும் அடுத்த முறை நீர் அருந்தும்வரைதான். அதேபோல், வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுத் தசையை வலுப்படுத்தும்; வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிக்காது. கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் குறையும் என்பதை மரபும் பாலினமும் வயதும் முடிவு செய்கின்றன.

தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், 18 வயதுக்கு உட்பட்டவர்களும், உண்ணுதல் தொடர்பான மனநலக் கோளாறு முன்பு இருந்தவர்களும் இத்தகைய திட்டத்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலினோ, சல்போனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே மருந்தின் அளவை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பின்னால் சொல்லப்படும் புரத அளவை அப்படியே ஏற்கக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைதல், ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டுபவை என்பதால், விளக்க முடியாத எடையேற்றம் உள்ளவர்கள் காரணத்தை முதலில் கண்டறிவது நல்லது.

படி 1: தொடக்க அளவுகளை எடுத்தல்

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்றும் போதும். இவற்றில் இடுப்புச் சுற்றளவைத்தான் பலர் தவறாக எடுக்கிறார்கள். வேட்டியோ கால்சட்டையோ கட்டும் இடம் இடுப்பு என்று எண்ணி, தொப்பைக்குக் கீழே அளவு நாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் அளவைப் படிக்க வேண்டும். நாடா தோலில் படிந்திருக்க வேண்டும். தோலை அழுத்தக் கூடாது. இந்த அளவு உயரத்தில் பாதிக்கும் கீழே இருப்பது நல்லது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு பொதுவான ஒரு வழிகாட்டி மட்டுமே. அது தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடற்பருமன். ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே நீரிழிவு அபாயம் கூடுவதால், 2004-இல் அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் எச்சரிக்கை எல்லைகளாக முன்வைத்தது.

முதல் இலக்கை உடல் எடையில் 5 முதல் 10 சதவீதமாக வைத்துக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் ஒதுக்கலாம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த அளவே பெரிய பலன் தருகிறது. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுக்கப்பட்ட குழுவினருக்கு நீரிழிவு வரும் வீதம் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் அந்தக் குறைவு 31 சதவீதமே.

படி 2: எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் எழுதி வைத்தல்

பொறுமையற்றவர்கள் தாண்டிச் செல்ல நினைக்கும் படி இது. ஆனால் பின்வரும் எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. நாம் எவ்வளவு உண்கிறோம் என்று நாம் நினைப்பதற்கும் உண்மைக்கும் இடையே வியக்கத்தக்க தூரம் உண்டு. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்குவதில்லை என்று முறையிட்டவர்களை அறிவியல் முறையில் அளந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையேதும் இல்லை. அவர்களைப் பொய் சொன்னவர்கள் என்று கருத வேண்டியதில்லை; கண்ணளவு எல்லோரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது.

எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதாவது ஏறத்தாழ 120 கலோரி. வாணலியில் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது விழுவது ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்பது ஊற்றுபவருக்கே தெரியாது. ஒரு வாரம் மட்டும், ஊற்றுவதற்கு முன் வாணலியைச் சமையலறைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணெயை ஊற்றிப் பாருங்கள். இதே சோதனையைத் தானியம், கொட்டை வகைகள், சர்க்கரை ஆகியவற்றுக்கும் செய்யலாம். காய்கறிகளைத் துல்லியமாக நிறுத்துப் பார்ப்பது வீண் வேலை.

நின்றுகொண்டே வாயில் போட்டதும், சமைக்கும்போது ருசி பார்த்ததும், குழந்தை மிச்சம் வைத்ததும், எல்லாப் பானங்களும் பதிவேட்டில் ஏற வேண்டும். நேரத்தையும், பசித்துச் சாப்பிட்டதா சும்மா சாப்பிட்டதா என்பதையும் பக்கத்தில் குறித்தால், எங்கே வெட்டலாம் என்பது தானாகவே புலப்படும். வாழ்நாள் முழுவதும் இப்படி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணளவு பழகும்வரை எழுதினால் போதும்.

படி 3: பற்றாக்குறையைக் கணக்கிடுதல்

உடல் ஓய்விலிருக்கும்போதே செலவிடும் ஆற்றலை மதிப்பிட, 1990-இல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கிலோ) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஆணாக இருந்தால் 5-ஐக் கூட்ட வேண்டும், பெண்ணாக இருந்தால் 161-ஐக் கழிக்க வேண்டும்.

38 வயது, 160 செ.மீ. உயரம், 78 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை வைத்துக் கணக்கிடுவோம். 780-உம் 1,000-உம் சேர்ந்து 1,780. அதில் 190-உம் 161-உம் போனால் 1,429 கலோரி. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்து, சிறிது நடப்பவர் என்று கொண்டு 1.4-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி செலவாகிறது. இது மதிப்பீடுதான், தனி மனிதர்களிடையே சில நூறு கலோரி வேறுபாடு இயல்பு. படி 2-இல் எழுதிய இரண்டு வாரத்தில் எடை மாறாமல் இருந்திருந்தால், அந்தப் பதிவேடு காட்டும் சராசரியையும் இந்த எண்ணையும் ஒப்பிட்டு உண்மைக்கு இன்னும் அருகில் வரலாம்.

இதிலிருந்து 300 முதல் 500 கலோரி வரை குறைப்பது போதுமானது. நம் எடுத்துக்காட்டுப் பெண் 400 குறைத்து 1,600 கலோரி உண்டால், வாரத்துக்கு 2,800 கலோரி பற்றாக்குறை ஏற்படும். அது ஏறத்தாழ 360 கிராம் கொழுப்பு. மாதம் ஒன்றரைக் கிலோ. இது போதாது என்று தோன்றுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது, வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறைக்க முனைந்தால் இழப்பில் தசையின் பங்கு கூடத் தொடங்கும் என்பது. மிக வேகமான எடைக் குறைப்பு பித்தப்பைக் கற்களையும் வரவழைக்கிறது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே போகாமலிருப்பது பொதுவான பாதுகாப்பு எல்லை.

கடும் பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு 1944–45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு இன்றும் சான்றாக இருக்கிறது. உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினியில் இருந்து, தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். சோர்வும் எரிச்சலும் மனச்சோர்வும் வந்தன. பேச்சும் கனவும் உணவைப் பற்றியதாகவே மாறின. கட்டுப்பாடு நீங்கிய பிறகு பலர் அளவுகடந்து உண்டார்கள். இழந்த கொழுப்பு தசையைவிட விரைவாகத் திரும்பியது. அவர்கள் சராசரியாக உண்டது நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி, அதாவது அவர்களுடைய தேவையில் ஏறத்தாழப் பாதி. அதைவிடக் குறைந்த கலோரி கொண்ட உணவுமுறைகள் இன்று விற்பனை செய்யப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

படி 4: தட்டை மாற்றி அமைத்தல்

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் குறைந்த கொழுப்பு உண்டவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், குறைந்த மாவுச்சத்து உண்டவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். அந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருந்த வேறுபாடுதான் மிகப் பெரியது. எந்த முறையில் உங்களால் எரிச்சலின்றி இருக்க முடிகிறதோ அதுவே உங்களுக்கான முறை.

முறை எதுவானாலும் புரதத்தை முதலில் உறுதி செய்ய வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. அதிக எடை உள்ளவர்கள் இலக்கு எடையைக் கொண்டு கணக்கிடலாம். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் இலக்கு 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். புரதம் தசையைக் காக்கிறது, நீண்ட நேரம் பசியைத் தணிக்கிறது, அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்துக்கே செலவாகிவிடுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், 100 கிராம் உலர்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் உண்டு. பருப்பின் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வெந்து நீர் ஏறிய பருப்பின் 100 கிராமில் 9 கிராம் அளவே இருக்கும். சைவ உணவினர் பருப்பு, சோயா, பால் பொருட்கள் ஆகியவற்றை ஒவ்வொரு வேளைக்கும் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் இந்த அளவை எட்ட முடியும்.

அடுத்து, தட்டில் பாதியைக் காய்கறிகளுக்கு ஒதுக்குங்கள். அவற்றின் நீரும் நார்ச்சத்தும் குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புகின்றன. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து கிடைக்க வேண்டும். இதுவரை குறைவாக உண்டவர்கள் சில வாரங்களில் மெல்ல உயர்த்தி, போதிய நீரும் அருந்தினால் வயிற்று உப்புசம் வராது. மீதிப் பாதியைப் புரதமும் தானியமும் பகிர்ந்துகொள்ளட்டும். தானியத்தை முற்றிலும் விலக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. தலைமுறைகளாக உண்டு பழகிய ஒன்றைத் தட்டிலிருந்து முழுதாக நீக்கினால், சில மாதங்களில் அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். அளவைக் குறைப்பதே நிலைக்கும்.

பானங்களில் வரும் சர்க்கரையை வெட்டுவது எல்லாவற்றிலும் எளிது. திரவமாக உள்ளே போகும் கலோரி வயிறு நிறைந்த உணர்வைச் சரியாகத் தருவதில்லை. பழச்சாறும் இதில் அடங்கும். பழத்தைக் கடித்து உண்பது வேறு.

தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் இத்தகைய உணவையும், இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவையும் விரும்பிய அளவு உண்டார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒப்பாகவே இருந்தன. இருந்தும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டு வாரத்தில் 0.9 கிலோ கூடினார்கள். மற்ற உணவில் அதே அளவு குறைந்தார்கள். மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன், வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நியாயம்.

எத்தனை வேளை உண்பது என்பது உங்கள் வசதி. உண்ணும் நேரத்தைச் சில மணிகளுக்குள் சுருக்கும் முறை சிலருக்கு இரவு நேர நொறுக்குத் தீனியை நிறுத்த உதவுகிறது. மொத்தக் கலோரி குறையாவிட்டால் அதற்குத் தனி மாயம் எதுவும் இல்லை.

படி 5: தசையைக் காக்கும் பயிற்சி

பயிற்சியில்லாமல் உணவை மட்டும் குறைப்பவர்கள் இழக்கும் எடையில் கணிசமான பகுதி, ஏறத்தாழக் கால் பங்கு, கொழுப்பல்லாத திசுவாக இருக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஆயுதம் எடைப்பயிற்சி. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சி போதும். அமர்ந்தெழுதல், முன்குனிந்து எடை தூக்குதல், தள்ளுதல், இழுத்தல் ஆகிய நான்கு அசைவுகளும் இடம்பெற்றால் உடலின் பெரிய தசைகள் எல்லாம் வேலை பெற்றுவிடும். ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் ரப்பர் பட்டை, டம்பெல், சொந்த உடல் எடை ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

இதுவரை பயிற்சியே செய்யாதவர் நாற்காலியிலிருந்து தொடங்கட்டும். உறுதியான நாற்காலி நழுவாதபடி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். அதன் முன்னே தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, பாதவிரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளியபடி மூன்று விநாடியில் மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்து உட்காரக் கூடாது. நாற்காலியைத் தொட்டவுடன் குதிகாலை அழுத்தி எழ வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் அடுத்த முறை அவற்றைப் பாதவிரல் திசையில் வைத்திருங்கள். இப்படி 8 முதல் 12 முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மூன்று சுற்று முடிக்க வேண்டும். மூன்று சுற்றிலும் 12 முறை எளிதாக வந்துவிட்டால் கையில் எடை ஏந்திக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. சுமை காலப்போக்கில் கூட வேண்டும். மாதக்கணக்கில் அதே எடையை அதே எண்ணிக்கையில் தூக்குபவரின் தசைக்கு வளர்வதற்குக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றும், இன்னும் இரண்டு மூன்று முறைதான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் முடிவது சரியான கடினம்.

படி 6: நடை

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடக்கும் 70 கிலோ மனிதர், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருக்கும் ஆற்றலைவிட 90 கலோரி அளவே கூடுதலாக எரிக்கிறார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குக்கூட அது ஈடாகவில்லை. நடந்துவிட்டோம் என்று கூடுதலாக உண்பவர்களுக்கு எடை இறங்காததன் காரணம் இதுதான். கொழுப்பைக் குறைப்பதில் உணவின் பங்கு பெரிது. குறைந்த எடையைக் காப்பதிலும், இதயம், இரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை ஆகியவற்றிலும் நடையின் பங்கு பெரிது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ பரிந்துரைக்கிறது. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அதற்குப் பின்னால் மருத்துவ ஆய்வு எதுவும் இருக்கவில்லை. இப்போது 4,000 அடி நடப்பவர் 6,000-க்குப் போவதே நல்ல முன்னேற்றம்.

படி 7: தூக்கம்

சுருக்கமாகச் சொன்னால், ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் பசி கூடும், கொழுப்புக்குப் பதில் தசை கரையும். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த உணவு உண்டவர்கள் எட்டரை மணி நேரத்துக்குப் பதில் ஐந்தரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோது, கொழுப்பாகப் போன எடை 55 சதவீதம் குறைந்தது. குறட்டையும் பகல் தூக்கக் கலக்கமும் உள்ளவர்கள் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

படி 8: எடை இயந்திரத்தைப் படித்தல்

நல்ல திட்டங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் 400 முதல் 500 கிராம் வரை சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டியவருக்கு முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவதும், ஒரு விருந்துக்குப் பிறகு அது திரும்புவதும் பெரும்பாலும் இந்த நீரின் போக்குவரத்து. உப்பு கூடினாலும், புதிதாகப் பயிற்சி தொடங்கித் தசை வலித்தாலும், மாதவிடாய்க்கு முன்னரும் உடல் நீரைத் தேக்கும்.

தினமும் காலையில், கழிவறைக்குச் சென்று வந்தபின், உண்பதற்கும் குடிப்பதற்கும் முன் எடை பார்த்து எழுதி, வாரச் சராசரியை மட்டுமே ஒப்பிடுங்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் முதல் வாரம் 78.2, 77.9, 78.4, 78.0, 77.7, 78.1, 77.7 என்று இருந்தால் சராசரி 78.0. இரண்டாம் வாரம் 77.5, 77.8, 77.3, 78.3, 78.0, 77.4, 77.1 என்றால் சராசரி 77.6. இரண்டாம் வாரத்தின் நான்காம் நாளைப் பாருங்கள்: ஒரே இரவில் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அது கொழுப்பாக இருக்க வேண்டுமானால் முந்தைய நாள் தேவைக்கு மேல் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். அப்படி உண்ணவில்லை என்பது அவருக்கே தெரியும். அன்று மனமுடைந்து விட்டுவிட்டவர், சராசரி ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தைத் தோல்வி என்று எண்ணி விட்டுவிட்டவர் ஆவார்.

மாதவிடாய் உள்ளவர்கள் இந்த மாதச் சுழற்சியின் ஒரு வாரத்தை, சென்ற மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை அளந்தால் போதும். எடை நின்று இடுப்பு சுருங்கினால் கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் எடை பார்ப்பது மனக்கலக்கம் தருமானால் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு நாடாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

படி 9: எடை நின்றுபோகும்போது

நான்கு வாரச் சராசரியும் இடுப்பளவும் அசையவில்லை என்றால்தான் உண்மையில் எடை நின்றுவிட்டது என்று பொருள். அப்போது முதலில் ஒரு வாரம் மீண்டும் நிறுத்து எழுதுங்கள். கையளவு தெரியாமலேயே பெருத்திருக்கும். அப்படியில்லை என்றால் கணக்கே மாறியிருக்கிறது. நம் எடுத்துக்காட்டுப் பெண் 70 கிலோவுக்கு வந்தபின் அதே சூத்திரம் 1,349 கலோரியையும், 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,890-ஐயும் காட்டும். 400 கலோரியாக இருந்த பற்றாக்குறை 290 ஆகிவிட்டது. இதற்கு மேலும் உடல் தன் செலவைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறது: அசைவுகள் குறைகின்றன, உட்காரும் நேரம் கூடுகிறது. 100 முதல் 150 கலோரி குறைப்பது, அல்லது தினமும் 2,000 அடி கூடுதலாக நடப்பது, இரண்டில் ஒன்று போதும். பல மாதங்களாகக் குறைத்துக் களைத்திருந்தால் மூன்றாவது வழியே சிறந்தது: இரண்டு மூன்று வாரம் எடை கூடாத அளவுக்கு உண்டு, பயிற்சியை விடாமல், பிறகு தொடர்வது.

படி 10: குறைந்த எடையைக் காத்தல்

இலக்கை அடைந்த நாளில் பழைய உணவுக்குத் திரும்புபவரின் எடையும் திரும்பிவிடும். பசியைத் தூண்டும் கிரெலினும், நிறைவு உணர்வு தரும் லெப்டினும் எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாமல், மீண்டும் உண்ணத் தூண்டும் திசையிலேயே இருந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே இலக்கை அடைந்தபின் கூடும் பசியை ஒழுக்கக் குறைவாக எண்ணாமல், எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டிய ஒன்றாகக் கொள்ளுங்கள். உணவை வாரத்துக்கு 100 கலோரி வீதம் உயர்த்தி, சராசரி எடை நிலையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். நடையை வாரத்துக்கு 200 நிமிடத்துக்கு மேல் கொண்டுசெல்லுங்கள். எடைப்பயிற்சியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களிடம் பொதுவாகக் காணப்படுபவை கவர்ச்சியற்ற பழக்கங்கள்: நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர உடலுழைப்பு, வாரம் ஒருமுறையாவது எடை பார்த்தல், வார நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரே விதமாக உண்ணுதல். இவற்றோடு ஒரு மேல்வரம்பையும் வைத்துக்கொள்வது நல்லது. காக்கும் எடைக்கு 2 கிலோ மேலே ஒரு கோடு போட்டு, இரண்டு வாரச் சராசரி அதைத் தாண்டினால் படி 2-க்குத் திரும்பி ஒரு மாதம் எழுத வேண்டும். பயணமோ விருந்தோ முடிந்த மறுநாள் இந்தக் கோடு பொருந்தாது. அப்போது கூடியிருப்பது பெரும்பாலும் நீர்.

மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இந்தப் படி பொருந்தும். 2021-இல் அமெரிக்காவில் உடற்பருமனுக்கு அனுமதி பெற்ற செமாகுளுடைடு, 68 வார ஆய்வில் சராசரியாக எடையில் 15 சதவீத அளவுக்குக் குறைத்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருத்துவர் பரிந்துரைத்து இதை எடுப்பவருக்குப் பசியே இல்லாததால் புரதம் மிகக் குறைந்துபோகும். தட்டில் முதலில் புரதத்தை உண்டு முடித்து, பிறகு மற்றதைத் தொடுவது நல்ல வழி. மருந்தை நிறுத்துவதாக இருந்தால், மருத்துவரோடு பேசி நாள் குறித்துக்கொண்டு, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே எடைப்பயிற்சியும் நடையும் பழக்கமாகியிருக்குமாறு தொடங்கிவிட வேண்டும்.